அடியில் செதில் வைத்த பாத்திரம்

இந்த முறை மலையேறும்போது அடுப்பும் கேஸும் என் இலாகா என்று வீட்டில் அறிவித்துவிட்டேன்.

காரணம் மச்சான். என் மனைவியின் அண்ணன். வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தையே முதுகில் பை மாட்டி மலைக்கு இழுத்துப் போகிறவர். போன வருஷம் இரண்டாம் நாளே என் கேஸ் தீர்ந்துவிட்டது. தன் அடுப்பில் எனக்கு டீ வைத்துக் கொடுத்தார். கொடுத்தது ஒரு தடவை. சொல்லிக் காட்டியது பதினோரு மாதம்.

அதனால் ஒரு புதுப் பாத்திரம் வாங்கினேன். பார்வைக்குச் சாதாரண அலுமினியக் குவளை. விசேஷமெல்லாம் அடியில். மீன் செதில் மாதிரி மெல்லிய தகடுகளை வட்டமாகப் பதித்திருக்கிறார்கள். பக்கவாட்டில் ஓடிப்போகும் சூட்டை அவை மடக்கிப் பிடித்துத் தண்ணீருக்குள் தள்ளும்.

"கேஸ் பாதி மிச்சமாகும்," என்றேன் மனைவியிடம்.

"யார் சொன்னா?"

"அட்டையிலயே போட்டிருக்கான்."

"அட்டையில போட்டதெல்லாம் நிஜம்னா, எங்க கடைக்கு வர்ற பாதி பேருக்கு இந்நேரம் முடி வளர்ந்திருக்கணும்."

அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். நான் மூக்குக்கண்ணாடி விற்கிறேன். ஊருக்கே பார்வை கொடுக்கிறவன் நான். அவள் பார்வையிலிருந்து மட்டும் எதுவும் தப்பாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்கனியில் பரீட்சை வைத்தோம். சமையலறைத் தராசு வந்தது. கேஸ் டப்பாவை முதலில் நிறுப்பது, அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க வைப்பது, மறுபடி நிறுப்பது. குறைந்த எடைதான் எரிந்த கேஸ்.

பழைய பாத்திரத்தை முதலில் ஏற்றினேன். மூடி போடவில்லை. நெருப்பை முழுசாகத் திறந்துவிட்டேன். பன்னிரண்டு கிராம் எரிந்தது. புதுப் பாத்திரத்துக்கு மூடி போட்டு, நெருப்பையும் அடக்கி வைத்தேன். ஆறு கிராம்.

"பாதி," என்றேன். எனக்கே மெய்சிலிர்த்தது.

அவள் உள்ளே போய்ப் பழைய பாத்திரத்தின் மூடியை எடுத்துவந்து மேலே வைத்தாள். நெருப்பைத் தானே அடக்கினாள். "இன்னொரு தடவை வைங்க."

எட்டு கிராம்.

"இப்ப மிச்சம் எவ்வளவு?"

"ரெண்டு கிராம்," என்றேன், தண்ணீருக்கு முன்னால் நான் ஆறிப்போய்.

இரண்டு பாத்திரங்களையும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தாள். "புதுசு நூத்திப்பத்து கிராம் கூட இருக்கு. தடவைக்கு ரெண்டு கிராம் மிச்சம்னா, அம்பத்தஞ்சு தடவை கொதிக்க வைச்சாத்தான் சுமந்த கனத்துக்குச் சரியாகும். நாலு நாள்ல நம்ம ரெண்டு பேருக்கு எத்தனை தடவை வைப்பீங்க?"

விரல் விட்டு எண்ணினேன். "பதினெட்டு."

"அப்ப பழசே போதும். புதுசுல குச்சி மிட்டாய் போட்டு வைக்கலாம்."

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். பாத்திரத்துக்கு மூடி போடத் தெரிந்தவனுக்கு அது தெரியவில்லை.

"நம்ம ரெண்டு பேருக்குன்னு ஏன் பார்க்குற? உங்க அண்ணன், அண்ணி, தங்கச்சி, சகலை, மொத்தம் ஆறு பேர். எல்லாருக்கும் இதுலயே வைச்சா?"

"அம்பத்திநாலு. ஒண்ணு குறையுதே."

"சகலை ரெண்டு டீ குடிப்பாரு."

அவள் என்னையே பார்த்தாள். "நல்ல யோசனைங்க. எனக்குத் தோணவே இல்லை."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. நான் பூரித்து முடிப்பதற்குள் போன் அவள் காதில் இருந்தது.

"அண்ணா, நீங்க யாரும் அடுப்பு, பாத்திரம் எதுவும் தூக்க வேண்டாம். ஆறு பேருக்கும் இவரே வைக்கிறாராம். ஆமா, அவரே ஆசைப்பட்டுச் சொன்னாரு."

மலை அழகாக இருந்ததாகச் சொன்னார்கள். அவர்கள் மேகம் பார்த்தார்கள். நான் ஆவி பார்த்தேன். விடிந்ததும் டீ. பிறகு கஞ்சிக்கு. மத்தியானம் நூடுல்ஸுக்கு. மச்சானின் மனைவிக்குக் குடிக்க வெந்நீர். சகலைக்கு முகம் கழுவ, "சும்மா வெதுவெதுப்பா இருந்தாப் போதும் அண்ணா." அரை அரை லிட்டராக ஆறு பேர். ஒவ்வொரு தடவைக்கும் பாத்திரம் வந்த அட்டையில் ஒரு கோடு போட்டேன். ஓய்ந்த நேரத்தில் செதிலுக்குள் சிக்கிய புல்லைக் குச்சியால் கிளறி எடுத்தேன்.

நாலாம் நாள் மத்தியானம், இறங்குகிற வழியில் ஓர் ஓடைக்கரையில் ஐம்பத்தைந்தாவது கோடு விழுந்தது. டப்பாவை ஆட்டிப் பார்த்தேன். உள்ளே இன்னும் கேஸ் இருந்தது. எழுந்து நின்று எல்லோருக்கும் சொன்னேன்.

மச்சான் வந்து டப்பாவை வாங்கி ஆட்டிப் பார்த்தார். "ஒத்துக்கிறேன் மாப்பிள்ளை," என்று கை கொடுத்தார். போன வருஷத்து டீயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் இடுப்புவலி கூட ஒரு நிமிஷம் நின்றது.

பெருமையோடு மனைவியைப் பார்த்தேன். அவள் அட்டையை வாங்கிக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். சரியாக இருந்தது. ஓடையில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

"கனத்துக்குச் சரியாப் போச்சு. இனிமே வைக்கிறதெல்லாம் லாபம்தான், உட்காருங்க."