ரிபாஸ் சொல்லாத கருத்து

வாழ்க்கையில் நான் ஒரேயொரு கல்யாணத்தைத்தான் கெடுத்திருக்கிறேன். அதுவும் தம்பி முறையானவனுடையது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வெறும் சோம்பல்தான்.

கிழக்கிலங்கையின் மருதமுனையில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு அப்போது நான் செயலாளர் (வேறு யாரும் முன்வரவில்லை). அந்த மாதம் எடுத்துக்கொண்டது ஓர் உளவு நாவல். வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட உளவாளி, தகவல் எதுவும் கிடைக்காமல், அறைக்குள் இருந்தபடியே நடக்காத சதிகளை எழுதித் தலைமையகத்துக்கு அனுப்புகிறான். அவர்களும் நம்பிவிடுகிறார்கள். இதைப் பற்றிப் பத்து வாசகர்களின் கருத்தைத் திரட்டிக் கூட்டத்தில் வாசிப்பது என் பொறுப்பு.

வாசித்திருந்தவர்கள் மூன்றே பேர். சிரித்து வயிறு நொந்துவிட்டது என்றார் ஓர் ஆசிரியை. பாதிக்கு மேல் ஒரே இழுவை என்றார் மருந்துக்கடைக்காரர். மூன்றாவது ஆள் நான். மிச்சம் ஏழு பேரின் கருத்தையும் கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் நானே எழுதினேன் (நாவலில் இருந்து நான் படித்த பாடம் அவ்வளவுதான்).

அந்த ஏழில் ஒருவன் ரிபாஸ், என் சின்னம்மா முறையான சாச்சியின் மகன். அவனுக்குக் கல்யாணப் பேச்சு முடிகிற கட்டம். பெண்ணின் வாப்பா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், எங்கள் வட்டத்தின் தலைவரும் அவர்தான். மாப்பிள்ளை புத்தகம் வாசிக்கிறவன் என்று தெரிந்தால் மனிதர் பூரித்துப்போவார் என்று கணக்குப் போட்டு, இருப்பதிலேயே துணிச்சலான கருத்தை ரிபாஸின் பெயரில் எழுதினேன்: 'நாயகன் செய்தது பிழையில்லை. நம்ப ஆள் இருந்தால் பொய்யும் ஒரு திறமைதான்.'

வாசித்து முடித்துப் பெருமையோடு தலைவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் வீட்டையும் கொடுத்து, மாப்பிள்ளையை அதில் குடியேற்றுவார்கள். மறுநாளே அதிபரிடமிருந்து சாச்சிக்குச் செய்தி வந்தது: "ஊட்டையும் குடுத்து புள்ளையையும் குடுக்கிற நாங்க. பொய்யத் திறமை எண்டு சொல்ற மாப்புள எங்களுக்குச் சரிவராது."

ரிபாஸ் நேரே என்னிடம் வந்தான். அண்ணனை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம்.

"காக்கா, அந்தப் புத்தகத்த நான் கண்ணாலயும் காணல்லயே. நீங்க போய் உள்ளதச் சொல்லுங்க."

"சொல்றன் தம்பி. கொஞ்சம் பொறு."

கொஞ்சம் என்பது ஏழு நாள், ஒரு முழுக் கிழமையானது. வெட்கம், பதவி போய்விடும் என்ற பயம் (என்ன பெரிய பதவி, கூட்டத்துக்குக் கதிரை அடுக்குகிற பதவி). ஒருவழியாகப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அதிபர் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

"இத முந்தியே வந்து சொல்லியிருந்தா யோசிச்சிருப்பன் தம்பி. நேத்துத்தான் வேற எடத்துக்கு வாக்குக் குடுத்த நாங்க."

அந்தத் தேநீரை எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை.

ரிபாஸ் பிறகு வேறிடத்தில் கல்யாணம் முடித்தான். இரண்டு பிள்ளைகள், நன்றாகத்தான் இருக்கிறான். குடும்பத்தில் நான் எந்தச் செய்தி சொன்னாலும், "இது நடந்ததா, வாசகர் கருத்தா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

போன நோன்புப் பெருநாளன்று அந்த நாவலை என்னிடம் கேட்டு வாங்கிப் போனான். ஒரு கிழமைக்குப் பிறகு திருப்பித் தந்தான். எப்படி என்று கேட்டேன்.

"நல்லா எழுதியிருக்காங்க காக்கா. ஆனா அந்த ஆள எனக்குப் பிடிக்கல்ல. எழுதினது அவன், அனுபவிச்சது மத்தவன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.