ஓட்டை சார் உள்ளே போனால் கதவைச் சாத்த வேண்டும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஓட்டை சார் குறை கண்டுபிடிக்காத பொருள் ஒன்றுகூடக் கிடையாது. கடலைக் காட்டினால்கூட, "கரைப் பக்கம் லீக்காவுது நைனா" என்பார்.

நிஜப் பெயர் ஏதோ இருந்திருக்கும். யாரும் விசாரித்ததில்லை. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு. அதன் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர் தலை, நான் வால். பிளாஸ்டிக் பக்கெட் வாங்கப் போனால் கடைக்காரரிடமே தண்ணீர் கேட்டு ரொப்பி, ஒழுகுகிறதா என்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்குள் கடைக்காரருக்கு வியர்த்து ஒழுகும்.

எல்லாம் யார்டில் பிடித்த பழக்கம். காலி கன்டெய்னர் பெட்டிக்குள் ஒருவர் போவார், வெளியே இருப்பவர் கதவைச் சாத்துவார். உள்ளே கும்மிருட்டில் எங்காவது புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. உள்ளேயிருந்து அந்தக் கதவைத் திறக்க முடியாது. அதனால் சாத்தியவர் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது என்பது யார்டு தர்மம்.

சார் இந்தச் சோதனையை மணலி புதுநகரில் தங்கை வீட்டு கிரகப்பிரவேசத்திலும் நடத்தினார். பட்டப்பகலில் எல்லாக் கதவு ஜன்னலையும் சாத்தி, ஐயர் முதற்கொண்டு அத்தனை பேரையும் இருட்டில் நிறுத்திக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"மாமா, பால் பொங்குது!" என்று யாரோ கத்தினார்கள்.

"பொங்கட்டும். மேல வெளிச்சம் தெரியுதா பாரு."

தெரிந்தது. தங்கை வீட்டுக்காரர் ஒரு வருஷம் பேசவில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் என் தலைவிதி போய் மாட்டியது. அப்போது லினக்ஸ் பைத்தியம் எங்கள் இருவருக்கும் முற்றியிருந்த நேரம். விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்குகிற இலவச மென்பொருள் அது. நாங்கள் பயன்படுத்திய வகையை உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தினார்கள். சார் அவர்களுக்குக் குறை சொல்லிச் சொல்லி மெயில் போட்டதில், தொல்லை தாங்காமல் அவரையே பாதுகாப்புப் பரிசோதனைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கே இரண்டு அலமாரி உண்டு. வெளி அலமாரியில் யார் வேண்டுமானாலும் புரோகிராம் வைக்கலாம், கெட்டால் கேட்பாரில்லை. உள் அலமாரிக்கு அதிகாரபூர்வ ஆதரவு. எப்போது பழுது வந்தாலும் சரிசெய்து தருவோம் என்ற வாக்கு. ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதிய பாதுகாப்புத் தணிக்கை புரோகிராமை, லினக்ஸில் யாரும் சுலபமாகப் போட்டுக்கொள்ளும்படி நான் பேக்கேஜாகக் கட்டியிருந்தேன். கம்ப்யூட்டர் முழுக்கச் சுற்றிவந்து எங்கே பூட்டு லூஸ், எங்கே கதவு திறந்திருக்கிறது என்று சொல்லும். அது உள் அலமாரிக்குப் போக வேண்டும். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அது. சார் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சார் தலையாட்டினார், பக்கவாட்டில்.

"உன் வாட்ச்மேன் ஊரெல்லாம் பூட்டை இஸ்த்து பாக்குறான், கரீட்டு. ஆனா அவன் சாவிய எவன் வேணா எடுக்குற எடத்துல வச்சிட்டுப் போறான்."

உண்மைதான். கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தோடு ஓடுகிற புரோகிராம், தன் தற்காலிக ஃபைல்களை யாரும் கைவைக்கக்கூடிய பொது இடத்தில் போட்டுக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினேன்.

"சரி பண்ட்ட. நாளைக்கு ஒர்த்தன் இதுல ஓட்டை கீதுன்னு மெயில் போட்டா யாரு எய்ந்து வருவா? எய்துனவன் எந்த ஊர்லயோ கீறான்."

"நான் வருவேன் சார்."

"அல்லாரும் இப்டித்தான் சொல்றாங்கோ."

கடைசி முறையாகப் படித்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டார். ஆபீசில் சத்தம், வெளியே கடல் காற்று தாளைப் பறக்கடிக்கும். மார்கழிக் காலை, வெயில் இல்லை. டார்ச்சோடு ஒரு காலிப் பெட்டிக்குள் போய், யார்டு ஆள் காசியிடம் "சாத்துப்பா" என்றார். படிப்பு விஷயம் என்பதால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் போனார்.

நான் பாலிதீன் கவரில் டீ வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் செருப்பு இருக்கிறது, பெட்டி இல்லை.

"காசி எங்கப்பா?" என்று அங்கே நின்ற யார்டு ஆளைக் கேட்டேன்.

"ஷிப்ட்டு முட்சிட்டு வூட்டுக்குப் பூட்டான். இன்னா ஆச்சு?"

யார்டு தர்மத்தை காசி அன்றைக்குப் பார்த்து மறந்திருந்தான். சாரோடு சேர்த்துப் பெட்டியைத் தூக்கி டிரெய்லரில் ஏற்றி, கப்பலுக்கு அனுப்பிவிட்டார்கள்!

கிடைத்த டிவிஎஸ் ஃபிப்டியில் பறந்தேன். டீ ஹேண்டில்பாரில் ஆடியது. தினமும் நாங்கள் சபிக்கிற லாரி வரிசையை அன்றுதான் முதன்முதலாகக் கும்பிட்டேன். துறைமுகம் போகும் டிரெய்லர்கள் கடற்கரைச் சாலையில் அசையாமல் நின்றிருந்தன. ஒவ்வொரு பெட்டியாகக் கல்லால் தட்டிக் காதை வைத்துக் கேட்டேன்.

"இன்னாபா, பெட்டிக்குப் பேய் ஓட்றியா?" என்றார் ஒரு டிரைவர்.

அவர் கேட்டு முடிப்பதற்குள் பெட்டி பதிலுக்குத் தட்டியது. அந்த டிரைவர் ஓடிய ஓட்டத்தை நான் எந்த மைதானத்திலும் பார்த்ததில்லை.

கதவைத் திறந்தேன். வெறுங்காலோடு சார். சட்டை நனைந்து, தலை கலைந்து, தாள்கள் மட்டும் அடுக்குக் கலையாமல் கையில்.

"இன்னும் ரெண்டு ஓட்டை கீது நைனா" என்றார். "பெட்டி சூப்பர், உன் புரோகிராம்லதான்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் கவரைக் கடித்துக் குடித்தோம். அந்த இரண்டையும் திருத்திக் கொடுத்தேன். யார் வருவார் என்ற பழைய கேள்வி மறுபடி வருமென்று பதில் தயார் செய்துகொண்டு போனேன். அவர் கேட்கவே இல்லை. 'சம்மதம்' என்று அடித்து அனுப்பிவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

"யாரு வருவான்னு கேக்கலியா சார்?"

"அத்த ஏன் கேக்கணும்? லாரி லைன்ல ஒவ்வொரு பெட்டியா தட்டிகினு வந்தியே, உள்ள இருந்து கேட்டுகினுதான இருந்தேன்."

எனக்குக் கிடைத்த சர்டிபிகேட்டுகளில் சட்டம் போட முடியாதது அது ஒன்றுதான். அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இன்றைக்கும் அந்தப் பேக்கேஜில் ஓட்டை என்று எங்கிருந்தாவது மெயில் வந்தால், சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுகிறேன். உள்ளே சார் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருப்பார்.