சாதனையை முறியடிக்க வாரீர்

நாட்டுக்கெல்லாம் காலண்டர் அடித்துக் கொடுப்பது சிவகாசி. அந்தச் சிவகாசிக்கே நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவர் எங்கள் நோட்டீஸ் அண்ணாச்சி. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கடையில் கூப்பிடும்போது மட்டும்தான் காதில் விழும்.

நான் கணக்கு எழுதிய அச்சகத்தில் அவர் தாள் வெட்டும் மிஷின் ஓட்டினார். காலண்டருக்கு வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் தாள்களைக் குப்பையில் போட அவருக்கு மனசு வராது. அச்சடிக்கிறவர்களைத் தாஜா செய்து, அதில் நோட்டீஸ் போட்டுவிடுவார். ஜலதோஷம் பிடித்தால், 'குணமாகும் வரை யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேச வேண்டாம்' என்று ஒரு நோட்டீஸ். டிபன் பாக்ஸ் காணாமல் போனபோது, 'எடுத்தவர் பாக்ஸை மட்டும் தரவும். உள்ளே இருந்த கத்தரிக்காய் மன்னிக்கப்பட்டது' என்று இன்னொன்று. மறுநாள் பாக்ஸ் வந்துவிட்டது, கழுவித் துடைத்து.

ஒரு கோடையில் அவர் கொண்டுவந்த நோட்டீஸைப் பார்த்து மட்டும் அச்சகத்தில் யாரும் சிரிக்கவில்லை.

'நீச்சல் குளத்தின் நெடுநாள் சாதனையை முறியடிக்க வாரீர். இருபாலரும் வரலாம். வருவோருக்கு அவித்த முட்டை உண்டு.'

விருதுநகர் போகிற சாலையில் இருந்த குளம் அது. அதன் சுவரில் ஒரு பலகை. நூறு மீட்டரை அங்கே மிக வேகமாக நீந்தியவரின் பெயரையும் நேரத்தையும் அதில் எழுதியிருப்பார்கள். பல வருஷமாக ஒரே பெயர்தான்: சுகந்தி. அண்ணாச்சியின் ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்பில், பையன்களையும் சேர்த்துத் தோற்கடித்து அங்கே பெயர் எழுத வைத்தாள். அந்த மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. வாரம் முடிவதற்குள் போய்விட்டாள்.

"அண்ணாச்சி, அது நம்ம புள்ள பேருல்லா?" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"தெரியும் தம்பி. நீங்க பசை வாளியத் தூக்குங்க" என்றார்.

நாரணாபுரத்திலிருந்து எம். புதுப்பட்டி வரை டீக்கடை டீக்கடையாக ஒட்டினோம். முட்டைக்கு நல்ல கூட்டம் சேர்ந்தது. பெரும்பாலும் கிணற்றில் நீந்திப் பழகியவர்கள். முதலில் குதித்த பையன் நேராகப் போகாமல் ஒரு வட்டமடித்து, குதித்த இடத்துக்கே வந்து சேர்ந்தான். கேட்டால், "கெணத்துல அப்படித்தான அண்ணாச்சி நீஞ்சுவோம்" என்றான். நாரணாபுரத்துக்காரர் ஒருவர் பாதி வழியில் நின்று, தண்ணீர் ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது என்று கரையேறிவிட்டார். இன்னொருவர் குதித்த குதியில் நானும் அண்ணாச்சியும் முட்டைச் சட்டியும் நனைந்தோம். தோற்றவர் ஒவ்வொருவருக்கும் அண்ணாச்சி முட்டையை உரித்தே கொடுத்தார்.

கடைசியாக வந்தவள் முத்துமாரி. அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகுகிற வேலை. இவள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள், பள்ளியிலேயே நீச்சல் போட்டிகளுக்குப் போனவள். அவள் நீந்தத் தொடங்கியதும் அண்ணாச்சி ஸ்டாப்வாட்சும் கையுமாகக் கரையோரம் கூடவே ஓடினார். வேட்டி அவிழ்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை, நான்தான் பின்னால் ஓடிப் பிடித்தேன். சுவர் எட்டும் தூரத்துக்கு வந்ததும் அவள் கை அடிப்பதை நிறுத்திவிட்டாள். சும்மா மிதந்து வந்து சுவரைத் தொட்டாள்.

"ஏன் தாயி நின்ன? கொஞ்சந்தான கெடந்துச்சு?"

முத்துமாரி பலகையைப் பார்த்தாள். "அது யாரு பேருன்னு வெளிய சொன்னாக. நான் ஜெயிச்சா அழிச்சிருவீகல்ல அண்ணாச்சி."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தண்ணீரில் காலை விட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம இங்கன வந்து பாக்கேன் தாயி. அந்தப் பேரு அப்படியே கெடக்கு. உசுரோட இருந்தா அவளே எம்புட்டுத் தடவ மாத்தியிருப்பா. இப்ப பதினேழு வயசுலயே நிக்கா. என்னால பாக்க முடியல." காலால் தண்ணீரை அளைந்தார். "நீ அவள முந்திப் போயிரு. நான் எம்புள்ளய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவள் மூச்சு ஆறும் வரை படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கரையேறி, மறுபடி குதித்தாள். இந்தத் தடவை அண்ணாச்சி ஓடவில்லை. ஸ்டாப்வாட்சை என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

முத்துமாரி சுவரைத் தொட்டாள். நான் நேரத்தைப் பார்த்தேன். மயிரிழைதான், ஆனால் முந்திவிட்டாள்.

"ஆயிருச்சு அண்ணாச்சி."

"நெசமாவா?" என்று கேட்டு, வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கரையேறிய பெண்ணின் தலையைத் தன் துண்டால் துவட்ட ஆரம்பித்தார். துவட்டிக்கொண்டே அழுதார். தலை காய்ந்த பிறகும் அவள் அசையாமல் நின்றாள்.

பலகையில் எழுத வந்த பெயிண்டரைப் பழைய பெயரைத் தொட அவர் விடவில்லை. தானே ஸ்டூல்மேல் ஏறி, ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். அந்த வேலை முடிய மத்தியானமாகிவிட்டது. இறங்கியவர் என்னிடம் "பசிக்கி தம்பி" என்றார். மகள் போன பிறகு அவர் தன் வாயால் பசி என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

எனக்கு இன்றுவரை நீச்சல் தெரியாது. ஆனாலும் அன்றைக்கு வேறு யாரும் வராமல் போயிருந்தால், அண்ணாச்சிக்காக நானே குதித்திருப்பேன்.