புகை அண்ணாச்சியும் மைனஸ் கம்பியும்

பிள்ளைகளே, பம்பாய் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் புகை அண்ணாச்சியைப் போல ஒரு சர்க்யூட் போர்டை ஒரே நொடியில் எரிக்கத் தெரிந்தவர் கிடைக்கமாட்டார். தாராவியில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் பட்டறையில் என் பக்கத்து மேஜை அவருடையது. மனிதர் சாலிடர் வைத்தால் ஈயம் முத்து முத்தாக இருக்கும். கரண்ட் கொடுத்தால்தான் புகை வரும்.

சர்க்யூட் படத்தில், ஐ.சி. என்கிற கறுப்புச் சில்லுக்குக் கரண்ட் போகும் கால்களுக்குப் பெயர் எழுதியிருப்பார்கள். வி.சி.சி. என்றால் பிளஸ், வி.இ.இ. என்றால் மைனஸ். உங்கள் பொம்மைக் காரில் பேட்டரியின் மைனஸ்தான் கிரவுண்டு. எங்கள் ஆம்ப்ளிஃபயரில் அப்படியில்லை. மேலே பிளஸ் பதினைந்து வோல்ட், நடுவில் பூஜ்யமாகக் கிரவுண்டு, அதற்கும் கீழே மைனஸ் பதினைந்து. மூன்று கம்பி. அண்ணாச்சியோ மைனஸையும் கிரவுண்டையும் ஒன்றாக முறுக்கிவிடுவார்.

"அண்ணாச்சி, ரெண்டும் வேற வேற!"

"அட, போல! கிரவுண்டுன்னா தரை. தரைக்குக் கீழ என்னல இருக்கு? தாராவில எவன் வீட்டுக்காவது கீழ மாடி இருக்கா?"

அதுவும் சரிதான். எங்கள் சந்தில் வீடுகள் மேலேதான் வளரும்.

விநாயகர் சதுர்த்திக்குப் பந்தல் போடும் கணபதி மண்டல்காரர்களின் ஆம்ப்ளிஃபயரையும் அவர் புகைய விட்டபோது முதலாளி பாய் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"ஓய், புது பவர் சப்ளை போர்டு வாங்கிட்டு வந்திருக்கேன். இதுவும் போச்சுன்னா நீரும் கிளம்பிரும்வே."

"இந்த வயசுல எவன்ல எனக்கு வேலை தருவான்?" அண்ணாச்சி படத்தின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "என் மண்டையில ஏறாது. அவ்வளவுதான்."

பார்க்கச் சகிக்காமல் அவரைக் குர்லாவில் ஒரு பெரிய மாலுக்கு இழுத்துப் போனேன். லிஃப்டுக்குள் நிறுத்திப் பட்டன்களைக் காட்டினேன். மூன்று, இரண்டு, ஒன்று. அதற்குக் கீழே ஜி, அதாவது கிரவுண்டு. அதற்கும் கீழே மைனஸ் ஒன்று.

"மைனஸ் ஒன்னை அமுக்குங்க."

கதவு திறந்தது. கார்கள் வரிசையாக நின்றன. அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார்.

"தரை இப்ப நமக்கு மேலயா இருக்கு?"

"ஆமா."

என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வாட்ச்மேன் ஓடிவந்தார். "க்யா சாஹியே, அங்கிள்?"

"மைனஸ் தேக்னே கோ ஆயா," மைனஸைப் பார்க்க வந்தேன் என்று அவரிடம் இந்தியில் சொல்லிவிட்டு, அண்ணாச்சி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப இத்தனை வருசமா நான் எரிச்சதெல்லாம் ஒரு மாடியை விட்டுட்டுத்தானா?" அவரை எழுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பட்டறைக்குத் திரும்பி மூன்று கம்பியையும் தனித்தனியாக வைத்தார். படத்தோடு திரும்பத் திரும்ப ஒப்பிட்டார். எல்லாம் சரி. ஆனால் சுவிட்சுக்குப் போன கை பாதியில் நின்றுவிட்டது.

"தெரியாம இருந்தப்ப பயமே இல்லல. இப்பதான் பயமா இருக்கு. நான் வேலையை விட்டுருதேன்."

"நீங்க சொல்லுங்க, நான் போடுதேன்."

கண்ணை இறுக மூடிக்கொண்டார். "போடுல."

ஸ்பீக்கர் உம்மென்று உயிர் பெற்றது. பாய் நம்பாமல் போர்டைச் சுற்றி மோந்து பார்த்தார். பிறகு அண்ணாச்சிக்கு டீ சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து அண்ணாச்சி சுவிட்சைத் தொட்டதே இல்லை. அது என் வேலையாகிவிட்டது. இப்போதும் அவர் பக்கத்தில் நின்று, கண்ணை மூடி, "போடுல" என்று சொன்னால்தான் எனக்குக் கை நகர்கிறது.