இரண்டு ஊதா பாட்டில்கள் விஷயமாக

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். வெளியூர் காலேஜ் லேப் மெஷினில் உன் ஆராய்ச்சி வேலை நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். நாளைக் காலை நீ வந்ததும் வராததுமாகப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு பத்து மணிக்கு ஆய்வுக்குழு முன்னால் போய் நிற்பாய் என்பதால், இதை ஃபிரிட்ஜ் கதவில் கைப்பிடிக்கு மேலேயே ஒட்டப்போகிறேன். படித்த பிறகு கதவைத் திற. போனில் சொல்லத்தான் பார்த்தேன். நான்கு முறை கூப்பிட்டு நான்கு முறையும் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

காலேஜ் ஃபிரிட்ஜ் கெட்டுப்போய், அந்த இரண்டு பாட்டில்களையும் நீ வெள்ளித்தாள் சுற்றி இங்கே கொண்டுவந்து வைத்தபோது, "இது விஷம் மாமா, யாரும் தொடாதீங்க" என்று சொன்னாய். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. "வெளிச்சம் பட்டா கலர் போயிடும்" என்றும் சொன்னாய் பார், அது என்னைத் தூங்கவிடவில்லை. இருபத்தெட்டு வருஷம் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்தவன் நான். வெளிச்சத்துக்கே போகிற சாயத்தை எவன் விற்றான், என் மருமகளை எவன் ஏமாற்றினான் என்று பார்க்க வேண்டாமா? நேற்றுக் காலை ஒன்பதே காலுக்கு, கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, வலப்பக்கத்துப் பாட்டிலை மட்டும் எடுத்து, ஒரு ஸ்பூன் வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினேன். நல்ல ஊதா. குறை சொல்ல முடியாது. அந்த நேரம் பார்த்து உன் அத்தை பின்னாலிருந்து "என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். நான் திடுக்கிட்டதில், கையில் இருந்த டீயில் ஒரு சொட்டு கிண்ணத்தில் விழுந்தது. ஊதா வெளுத்தது. நான் அசந்துபோனேன். புதுக் கிண்ணத்தில் ஊற்றி எலுமிச்சம்பழம் ஒரு சொட்டு விட்டேன். அவ்வளவுதான், இருந்த இடம் தெரியாமல் மஞ்சளாகிவிட்டது. இவ்வளவு கேவலமான சரக்கை என் சர்வீஸில் பார்த்ததில்லை. நம்ப முடியாமல் திரும்பத் திரும்பப் பார்த்ததில் பதினோரு கிண்ணம் ஆகிவிட்டது. பாட்டில் காலி.

"அந்தப் பொண்ணு வந்து கேட்டா என்ன பதில் வச்சிருக்கீங்க?" என்றாள் உன் அத்தை. பதில் பரணில் இருந்தது. என் பழைய சாயப்பெட்டியை இறக்கி, ஊதா இரண்டு பங்கு, நீலம் கால் பங்கு, சிவப்பு ஊசி முனையளவு, மேசை பாலிஷுக்கு வாங்கிய ஸ்பிரிட்டில் கரைத்து, உன் இன்னொரு பாட்டிலோடு ஜன்னலோரம் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். மூன்று மணி நேரம். கடைசியில் வந்த நிறத்தை நீயே, ஏன், உன் பேராசிரியையே பார்த்தாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. காலிப் பாட்டிலில் ஊற்றி, வெள்ளித்தாள் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், உனக்கு நல்லது செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். வெயிலுக்கும் அசையாது, சோப்புக்கும் அசையாது.

இன்று மதியம் சாப்பிட வந்த உன் வீட்டுக்காரனிடம் பெருமையாகச் சொன்னேன். எடுத்த கவளத்தை அவன் தட்டிலேயே போட்டுவிட்டான்.

"அப்பா, அது சாயமே இல்லப்பா. ஃப்ரீ ராடிக்கல். எலக்ட்ரான் எல்லாம் ஜோடி ஜோடியா இருக்கணும். அதுல ஒண்ணு மட்டும் ஜோடி இல்லாம தனியா நிக்குது. அந்தத் தனி ஆளாலதான் ஊதா. ஜோடி கிடைச்சா மஞ்சளாயிடும்."

"உங்க தம்பிக்கு நேர்மாறு. அவருக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே மூஞ்சி மஞ்சள்தான்" என்றாள் உன் அத்தை என்னிடம்.

அவன் சிரிக்கவில்லை. உடம்புக்குள்ளேயும் இப்படிப்பட்டவை உண்டாம். பக்கத்தில் இருப்பவனிடம் பிடுங்கும், பறிகொடுத்தவன் அடுத்தவனிடம் பிடுங்குவான், அப்படியே சங்கிலியாகப் போகுமாம். ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்பது தன்னிடம் இருக்கும் ஹைட்ரஜனைத் தானாகவே கொடுத்து அந்தச் சண்டையை நிறுத்துமாம். கொடுத்த பிறகு அதுவும் தனி ஆள்தான், ஆனால் அந்தக் குறையைத் தன் மூலக்கூறின் வளையம் முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு, யாரிடமும் பிடுங்காமல் சும்மா இருக்குமாம். டீயிலும் எலுமிச்சையிலும் இருப்பது அந்த ஜாதிதான். நீ மூன்று வருஷமாக உருவாக்கிய வெள்ளைப் பொடியும் அதுதான். "நாளைக்கு அவ பொடியைப் போடுவா, ஊதா மஞ்சளாகணும். அதுதாம்பா பரீட்சையே. உங்க சாயத்துல போட்டா?"

என் சாயத்தில் என்ன போட்டாலும் ஒன்றும் ஆகாது. அதைத்தானே இருபத்தெட்டு வருஷம் செய்தேன். நீ பொடியைப் போட்டுவிட்டு நிற்பாய், பேராசிரியர்கள் பாட்டிலைப் பார்ப்பார்கள், என் ஊதா ஊதாவாகவே இருக்கும், உன் மூன்று வருஷம் பொய்யாகிவிடும். "நீங்களே எழுதிச் சொல்லிடுங்க, நான் இதுல இல்ல" என்று உன் வீட்டுக்காரன் கை கழுவப் போய்விட்டான். வீட்டில் யார் எதை உடைத்தாலும் "நான்தான் சரியா வைக்கலை அத்தை" என்று நீ ஏற்றுக்கொள்கிறவள். இதையும் அப்படி ஏற்றுக்கொண்டுவிடாதே. இது முழுக்க என் வேலை.

ஆனால் பயப்படாதே, வழி இருக்கிறது. எங்கள் பட்டறையில் பார்ட்டி, அதாவது வாடிக்கைக்காரர், கொடுத்த துணி எப்போதும் இடப்பக்கம், நாங்கள் சாயத்தில் நனைத்தது வலப்பக்கம். பெயர் எழுதும் பழக்கமே கிடையாது, ஒரு நாளும் மாறியதும் கிடையாது. இங்கேயும் அப்படித்தான். இடப்பக்கம் இருப்பது உன்னுடையது, மூடியைக்கூட நான் திறக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு போ. வலப்பக்கத்தை மறந்துவிடு. இனி உன் பொருள் எதிலும் கை வைக்க மாட்டேன், இது சத்தியம்.

பத்து மணிக்கு நானும் உன் அத்தையும் உன்னை நினைத்துக்கொண்டிருப்போம். போட்டதும் மஞ்சளாகட்டும். எல்லாம் ஜெயமாகும்.

அன்புடனும் ஆசியுடனும்,
மாமா

பி.கு.: மேலே இடம், வலம் என்று வருவதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். இதை ஒட்டப் போனால், உன் அத்தை ஃபிரிட்ஜைக் காலி செய்து துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பாட்டில்களும் மேசைமேல். ஈரமாகிவிட்டதென்று வெள்ளித்தாளையும் புதிதாக மாற்றிச் சுற்றிவிட்டாளாம். "எது எந்தப் பக்கம் இருந்துது?" என்றேன். "ரெண்டும் ஒரே கலர்தானே? உங்க கையால கலந்தது, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். ஒரு நிமிஷம் பிரித்துப் பார்த்தேன். தெரியவில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு அச்சாக நிறம் சேர்த்ததில்லை. மேற்படி சத்தியம் இருப்பதால் அதற்கு மேல் நான் தொடவில்லை. எலுமிச்சம்பழம் ஒன்று நறுக்கி, இரண்டு வெள்ளைக் கிண்ணங்களோடு மேசைமேல் வைத்திருக்கிறேன். எதில் சாயம் போகிறதோ அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடு. போகாததை எனக்கு வைத்துவிடு.