சூரியன் மங்கிய ஆடி

'ஐயா, சூரியன் நேற்றைவிடச் சற்று மங்கல். தாங்கள் கவலைப்பட வேண்டாம். நான் கவனித்து வருகிறேன்.'

1963 ஜூலையில் எனக்கு வந்த அஞ்சலட்டை இது. எழுதியவர் சூரமங்கலத்தில் என் எதிர் வீட்டுக்காரர்.

சூரியனுக்காக அவரளவு கவலைப்பட்டவர் சேலம் ஜில்லாவில் எவருமில்லை. ரயில்வே விளக்கறையில் சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றித் திரி வெட்டும் வேலை. தினமும் உச்சிவேளையில், விளக்குப் புகையில் மசி பிடித்த கண்ணாடித் துண்டு வழியாகச் சூரியனைப் பார்த்து நோட்டில் எழுதுவார். எங்களுக்கு அவர் 'மசிக்கண்ணாடி'.

பயப்பட அவருக்குக் காரணங்கள் நிறைய இருந்தன. சூரியப் புள்ளிகள் பதினோரு ஆண்டுக்கொருமுறை பெருகும். பூமியின் சாய்வு பல்லாயிரம் ஆண்டுகளில் மாறும். அதைப் படித்த அன்றே அவருக்குச் சோறு இறங்கவில்லை. கரிப்புகை போர்வையாகி பூமியைச் சூடாக்கும் என்று படித்ததும் எஞ்சின் டிரைவரிடமே போனார்.

"கரியக் கொஞ்சம் கம்மியாப் போடுங்களேன்."

"போடறேன். ஈரோடு வரைக்கும் நீங்க தள்ளுங்க."

அந்த ஆண்டு பாலித் தீவில் எரிமலை வெடித்தது. தூசி மேலே போய் வெயிலை மறைக்கும் என்று அவர் காத்திருந்தார். நோட்டிலும் சூரியன் நாளுக்கு நாள் மங்கியது.

அப்போதுதான் எருமப்பட்டியிலிருந்து என் தங்கை கணவர், மச்சான் வந்தார். முந்தைய ஆண்டு விளைச்சல் பொய்த்து, வீட்டில் மிஞ்சியது ஒரு விதைப்புக்கான கடலை மட்டுமே. சூரியன் மங்குகிறது என்று கேள்விப்பட்டு மசிக்கண்ணாடியிடமே போய் யோசனை கேட்டார்.

"ஏனுங்க, வெதைக்கலாமுங்களா?"

"பொறுங்க. வெயில் கொறஞ்சா கடல்ல ஆவி கொறையும். அப்புறம் மழைக்கு எங்க போவீங்க?"

ஆடி பாதி கழிந்தது. ஊரே விதைத்து முடித்தது. மச்சான் மட்டும் விதை மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். தங்கையின் கடிதங்கள் ஒரே கேள்வியோடு வந்தன: 'சூரியன் இப்போது எப்படி இருக்கிறது?'

பொறுக்காமல் நானே விளக்கறைக்குப் போனேன். அவருடைய கண்ணாடி ஆணியில் தொங்கியது. அதற்கு நேர் கீழேதான் தினமும் விளக்குகளை ஏற்றிச் சோதிப்பார்கள். நான் உடைந்த கண்ணாடி ஒன்றில் புதிதாக மசி பிடித்து, வெளியே வந்து மேலே பார்த்தேன். சூரியனுக்கு ஒரு குறையும் இல்லை.

"உங்க கண்ணாடிய எப்பத் தொடச்சீங்க?"

"தொடச்சா மசி போயிருமுங்களே..." என்றவர் பாதியில் நிறுத்தினார். இரண்டு கண்ணாடிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எண்ணெய் டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

எதிர் வீட்டுக்கே அஞ்சலட்டை போடுகிறவர் அன்று தபாலை நம்பவில்லை. சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறக்காமல் நாமக்கல் பஸ் ஏறினார். அங்கிருந்து எருமப்பட்டிக்கு நடந்தே போனாராம்.

"சூரியன் மேல தப்பில்லீங்க. தப்பு என் கண்ணாடி மேல. வெதச்சிருங்க."

விதைத்து முடியும்வரை ஏரின் பின்னால் அவரே கடலை போட்டார். பயிர் பிந்தினாலும் தேறியது. அறுவடையானதும் விளக்கறைக்கு ஒரு மூட்டைக் கடலையும், மேலே ஒரு துடைக்கும் துணியும் வந்தன.

அவர் காலத்தோடு எதிர் வீட்டு அஞ்சலட்டைகளும் நின்று வெகுநாளாகிறது. அந்த ஆண்டு அந்தி வானம் வழக்கத்தைவிடச் சிவந்திருந்ததை நானும் கண்டேன். அது எரிமலைத் தூசியாலா, எங்கள் ரயில் புகையாலா என்பதை இன்னும் என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.