கெர்லிண்ட் டீச்சரின் பூங்கொத்து

"ஐயையோ, இதை யார் குடுத்தது?"

வோல்ஃப்ராம் சார் போட்ட சத்தத்தில், ஜெர்மனியிலிருந்து போலந்துக்குப் போகும் பேருந்தில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

கெர்லிண்ட் டீச்சரின் மடியில் வெள்ளைச் சாமந்திக் கொத்து. கிளம்பும் நேரத்தில் ஹெட்மாஸ்டர் ஜன்னல் வழியாகத் திணித்தது. "இறங்கினதும் இதுதான் முதல் வேலை" என்று கத்திவிட்டுப் போய்விட்டார்.

"நாம போற ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸுக்குத்தான் சார். ஏன்?"

"எண்ணிப் பாருங்க. பத்து! போலந்துல இரட்டைப்படையில பூ குடுத்தா செத்தவங்களுக்குன்னு அர்த்தம். அதுலயும் சாமந்தி! என் மாமியார் போலந்துக்காரங்க. பொண்ணு பாக்கப் போனப்ப இதே தப்பைப் பண்ணிட்டு, இன்னைக்கு வரைக்கும் வாங்கிக் கட்டிக்கிறேன்."

டீச்சர் மறுபடி எண்ணிப் பார்த்தாள், பத்தேதான். பாவம், பதறாமல் என்ன செய்வாள்? இரண்டு நாடுகளுக்கும் நடந்த பழைய போரில் யார் முதலில் அடித்தது என்ற பேச்சில் முறைத்துக்கொண்டு, இரண்டு பள்ளிகளும் மூன்று வருஷம் முகம் கொடுக்கவில்லை. ஜெர்மன் பிள்ளைகளும் போலந்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சரித்திரம் படிக்கட்டும் என்று அவள்தான் கெஞ்சிக் கூத்தாடி இந்தப் பயணத்துக்கு உயிர் கொடுத்திருந்தாள். போன வாசலிலேயே ஹெட்மிஸ்ட்ரஸ் புரோனிஸ்லாவாவுக்குக் கருமாதி செய்தால் உருப்படுமா?

ஹெட்மாஸ்டருக்கு போன் போட்டாள். பரீட்சை ஹாலில் இருந்தார், போனை அணைத்து வைத்திருந்தார்.

"ஒண்ணை உருவிட்டா?"

"ஒன்பது சாமந்தியும் சாமந்திதானே மேடம்!"

எல்லையில் ஓடும் ஓடர் ஆற்றைத் தாண்டியதும் பெட்ரோல் பங்கில் நின்றிருந்த ஒரு பெண்மணியின் கையில் கொத்தைத் திணித்தாள் டீச்சர். அந்தம்மா சிலுவை போட்டுக்கொண்டு இரண்டடி பின்வாங்கினாள். பக்கத்துக் கடையில் பதினொரு சிவப்பு ரோஜா வாங்கியாயிற்று. நிம்மதியில் வோல்ஃப்ராம் சார் தொப்பென்று உட்கார்ந்தார். ரோஜாவின் மேலேயே.

மூன்று காலி.

"எட்டு! ஒண்ணைத் தூக்கிப் போடுங்க மேடம், ஏழு ஆயிடும்."

"ஏழா? விருந்துக்குப் போறவ கையில துடைப்பம் மாதிரி இருக்கு சார்!" என்றபடியே டீச்சர் ஒன்றை எறிந்தாள்.

பிள்ளைகள் விடுவார்களா? பங்கில் விற்ற பொம்மைச் சூரியகாந்தி ஒன்றைச் செருகினார்கள். அதற்குக் கண், மூக்கு, வாய் நிறையச் சிரிப்பு.

"இப்ப மறுபடி எட்டு" என்றார் வோல்ஃப்ராம் சார்.

"பிளாஸ்டிக்கெல்லாம் கணக்குல வராது சார்" என்றான் ஒருவன்.

"என் மாமியார் எண்ணுவாங்க!"

இன்னொரு சிரிப்புப் பூ செருகப்பட்டது. தங்க ஜரிகை ரிப்பன் சுற்றப்பட்டது. உச்சியில் இதய வடிவ பலூன்.

"இதுல சாவுக் களை எங்கயாவது தெரியுதா மிஸ்?" என்றாள் ஒருத்தி பெருமையாக.

தெரியவே இல்லை. டீச்சர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

பள்ளி வாசலில் ஈ காக்கை இல்லை. காவலாளி ஜெனோன் மட்டும் கறுப்புக் கோட்டில் நின்றிருந்தார். பலூனைப் பார்த்தார், சிரிப்புப் பூக்களைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"எல்லாரும் எங்கங்க?" என்றாள் டீச்சர்.

"கல்லறைத் தோட்டத்துல காத்திட்டிருக்காங்கம்மா. ரெண்டு நாட்டுப் பசங்களும் சேர்ந்து, போர்ல செத்தவங்களுக்கு அஞ்சலி செலுத்துறதுதான் முதல் நிகழ்ச்சின்னு நேத்து ராத்திரிதான் முடிவாச்சு. உங்க ஹெட்மாஸ்டர் எங்க வழக்கத்தைக் கேட்டுக்கேட்டு, வெள்ளைச் சாமந்தி பத்து எண்ணிக் குடுத்தனுப்பியிருக்காராமே, எங்க அது?"